கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கிணற்றை அளந்த காலம்

அந்தக் காலத்தில் மழை அதிகம் பெய்ததால்தானே கிணறுகளில் தண்ணீர் நின்றது என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எனக்கு வயது 78. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட கிராமம். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரும் எங்களுக்கு வராது, பி.ஏ.பி. தண்ணீரும் எட்டாது. எங்கள் பக்கம் என்றைக்குமே மழை குறைந்த பூமிதான். ஆண்டுக்கு 25 அங்குலம் மழை கிடைத்தால் நல்ல ஆண்டு என்று என் தகப்பனாரும் சொல்வார், அப்பாரும் சொல்வார். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் இந்த மண்ணில் நிலைத்ததே மழை குறைவு என்பதால்தான். ஆகவே மழையைக் காரணம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மழை வந்த அளவில்தான் வந்தது. நாம் எடுத்த அளவுதான் மாறிப்போனது.

எங்கள் கிணறு 30 அடிக்கு 30 அடி சதுரம். அப்பாரு காலத்தில் வெட்டியபோது ஆழம் 40 அடி. மேலே பத்துப் பன்னிரண்டு அடி மண்ணும் சுக்காங்கல்லும், அதற்குக் கீழே பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடங்களில் ஊற்று. இந்தக் கிணற்றில் மூன்று வீட்டுக்குப் பங்கு உண்டு. பாதி எங்களுடையது, பெரிய வீட்டுப் பங்காளிக்குக் கால், சின்ன வீட்டுப் பங்காளிக்குக் கால். பாகப் பத்திரத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

கவலை ஓட்டியது

தெற்கே கமலை என்பார்கள், நாங்கள் கவலை என்போம். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டில் கால்கள் நட்டு அதில் உருளை மாட்டியிருக்கும். வடக்கயிற்றின் நுனியில் இரும்புச் சால், சாலின் அடியில் தோலால் தைத்த தும்பி. மாடுகள் சரிவான தடத்தில் இறங்கும்போது சால் மேலே வரும். வால் கயிறு தும்பியை இழுத்துத் தொட்டிக்குள் சாய்க்கும். தண்ணீர் வாய்க்காலில் ஓடும். பிறகு மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேற வேண்டும், சால் கீழே போகும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து கொள்வார். அவருடைய கனமும் சேர்ந்தால்தான் மாட்டுக்குப் பாரம் கொஞ்சம் குறையும்.

எங்கள் சாலில் நூறு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். நிமிஷத்துக்கு ஒரு சால் வந்தால் நல்ல மாடு. விடியுமுன் பூட்டி வெயில் ஏறுமுன் அவிழ்ப்பதும், சாயங்காலம் மறுபடி கொஞ்ச நேரம் ஓட்டுவதுமாகச் சேர்த்து ஆறு மணி நேரம் ஓட்டினால் 350, 360 சால். கணக்குப் பார்த்தால் சுமார் 40,000 லிட்டர். அதைக் கொண்டு ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் கால் ஏக்கர் பாய்ச்சும். கிணற்றில் ஒன்றரை அடிக்குச் சற்று மேல் தண்ணீர் இறங்கும். மாடு அவிழ்த்தபின் ராத்திரி முழுக்க ஊற்று அதை நிரப்பிவிடும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மாடு எவ்வளவு தூரம் இறங்கி நடக்கிறதோ அவ்வளவுதான் சால் மேலே வரும். தடத்தின் நீளம் 30 அடி என்றால் அதற்குக் கீழே உள்ள தண்ணீரை இறைக்க முடியாது. கிணற்றடித் தண்ணீர் அப்படியே கிடக்கும். வேண்டுமானால் தடத்தை இன்னும் நீட்டி வெட்ட வேண்டும். அதற்கு இடமும் வேண்டும், ஆளும் வேண்டும். பூட்டு போடாமலேயே கிணற்றுக்கு ஒரு பூட்டு இருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். பின்னிரவு மூன்று மணிக்கு மாடு பூட்டியவர்கள் பெரும்பாலும் பண்ணையாட்கள். வடம் தேய்த்துத் தொடையில் தழும்பு இல்லாத கவலைக்காரரை நான் பார்த்ததில்லை. தும்பி தைத்துக் கொடுத்தவர்களுக்குக் களத்தில் ஆண்டுக்கொரு முறை அளந்த தானியம் மிகச் சொற்பம். சித்திரை வெயிலில் மாட்டின் கழுத்து புண்ணாகி ஈ மொய்க்கும். வயலில் மடை மாற்றுவது பிள்ளைகள் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றது மடை மாற்றத்தான். மோட்டார் வந்த ஆண்டில் என் தம்பி ஹைஸ்கூலுக்குப் போனான், பிறகு கல்லூரிக்கும் போனான். மோட்டார் வராமல் இருந்திருந்தால் அவனும் மண்வெட்டியோடுதான் நின்றிருப்பான். கவலையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் நல்லது.

மூன்று வீட்டு முறை

எட்டு நாளைக்கு ஒரு சுற்று. எங்களுக்கு நான்கு நாள், மற்ற இரண்டு வீட்டுக்கும் இரண்டிரண்டு நாள். ஒரு வீட்டு முறை முடிந்து அடுத்த வீட்டுக்குக் கிணற்றை ஒப்படைக்கும்போது அளவுக் கயிற்றை விட்டுப் பார்ப்பார்கள். கயிற்றின் நுனியில் கல், அடிக்கு ஒரு முடிச்சு. கல் தரை தட்டியதும் இழுத்து, நனைந்த முடிச்சுகளை எண்ணுவார்கள். எத்தனை முடிச்சு என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிய வேண்டும். சண்டையே இல்லாமல் நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரு தடவை அடுத்த வீட்டு முறையில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கவலை ஓட்டியிருந்தார்கள். காலையில் கயிறு காட்டிக் கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் யார் சொல்வது உண்மை என்ற வழக்கு எழவில்லை.

இதைவிட முக்கியமானது தை மாத அளவு. மாட்டுப் பொங்கல் கழிந்து இரண்டொரு நாளில் மூன்று வீட்டுப் பெரியவர்களும் கிணற்று மேட்டில் கூடுவார்கள். கயிறு விடுவார்கள். 20 முடிச்சுக்கு மேல் நனைந்தால் கம்போடியா பருத்தி, ராகி, மிளகாய் என்று தாராளமாகத் திட்டம் போடுவார்கள். 14, 15 என்றால் பருத்தியைக் குறைத்துக்கொள்வார்கள். பத்துக்குக் கீழே என்றால் மாட்டுக்குச் சோளத்தட்டும் வீட்டுக்குக் கொஞ்சம் காய்கறியும்தான், மீதி நிலம் கரம்பாகவே கிடக்கும். தண்ணீருக்குத் தக்க வெள்ளாமை என்பது அவர்களுக்கு வாய்ப்பேச்சு இல்லை. முடிச்சு எண்ணாமல் விதை எடுக்க மாட்டார்கள்.

மோட்டார் வந்த பிறகு

எங்கள் தோட்டத்துக்கு மின் இணைப்பு வந்தது 1964-ல். 5 குதிரைச் சக்தி மோட்டார். இணைப்பு என் தகப்பனார் பெயரில், செலவு பங்குப்படி மூன்று வீட்டுக்கும். முதல் நாள் குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்க்க ஊரே வந்தது. மணிக்கு முப்பதாயிரம் லிட்டர் அளவுக்குக் கொட்டும். ஒரு ஜோடி மாடு ஒரு நாள் முழுக்க இழுத்த தண்ணீர் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

வந்த சில ஆண்டுகளிலேயே முறை குழம்பியது. நாள் கணக்கில் முறை வைத்தால் முதல் வீடு கிணற்றைத் துடைத்து எடுத்துவிடும், அடுத்த வீட்டுக்கு ஊறுவது மட்டும்தான். பிறகு மணிக் கணக்கு வைத்தோம். கடிகாரம் வந்ததும் கயிறு மூலைக்குப் போனது. எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்பதைத்தான் எல்லாரும் பேசினார்களே தவிர, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற பேச்சு நின்றுவிட்டது. வறட்சி ஆண்டுகளில் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினோம். 40 அடி 60 அடியானது.

மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1972-ல் கோயம்புத்தூர் வீதிகளைக் கட்டை வண்டிகள் அடைத்து நின்றன. எங்கள் ஊரிலிருந்தும் வண்டிகள் போயின. கவலையிலிருந்து விடுதலையான மாடுகள் மோட்டாருக்காக வண்டி இழுத்தன என்று என் தகப்பனார் சிரிப்பார். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆனது. அது இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் பண்ணையத்தை எப்போதோ விட்டுவிட்டு மில்லுக்குப் போயிருப்போம். ஆகையால் இலவச மின்சாரத்தைப் பழிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரண்ட் வந்தால் தானே ஓடுகிறது, போனால் தானே நிற்கிறது. இப்போது செல்போனிலேயே ஓட்டலாம், நிறுத்தலாம். வாரக்கணக்கில் கிணற்றை எட்டிப் பார்க்காமலே பண்ணையம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கவலை ஓட்டியவன் நாளைக்கு 350 தடவை கிணற்றைப் பார்த்தான்.

900 அடியில் புகை

எங்கள் பங்காளிகளில் முதல் ஆழ்துளைக் கிணறு போட்டது பெரிய வீடு, 1994-ல், 350 அடி. தண்ணீர் நன்றாக வந்தது. பத்து ஆண்டு கழித்துச் சின்ன வீடு 600 அடி போட்டது. அதிலும் தண்ணீர் வந்தது. பொதுக் கிணற்றை நாங்கள் மட்டும் ஓட்டினோம். ஆண்டுக்கு ஆண்டு நீர்மட்டம் இறங்கியதை என் பழைய முடிச்சுக் கயிறு காட்டியது. மற்றவர்கள் விட்டாலும் தை மாதம் கயிறு விடுவதை நான் விடவில்லை. தகப்பனார் செய்ததைச் செய்கிறேன் என்றுதான் செய்தேன், வேறு பெரிய எண்ணம் ஒன்றும் இல்லை.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு முழுவதும் பட்ட பாடு எல்லாரும் அறிந்ததே. 2017 தை மாதம் கயிறு விட்டபோது நனைந்தது 5 முடிச்சு. அந்த ஆண்டு அரை ஏக்கர் தீவனச் சோளம் தவிர எதுவும் வைப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்தோம். மாசியில் அதையும் அறுத்துப் போட்டுவிட்டு நிலத்தைச் சும்மா விட்டோம்.

சின்ன வீட்டுப் பங்காளியின் மகன், என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன், அவன் தோட்டத்தில் 140 தென்னை. பங்குனியில் அவனுடைய 600 அடி நின்றுபோனது. மட்டைகள் தொங்கின, குரும்பை கொட்டியது. நகையை அடகு வைத்து வண்டியைக் கூப்பிட்டான். முதல் துளை 900 அடி. ராத்திரி பதினோரு மணிக்கு என்னிடம் வந்து நின்றான். "பெரியப்பா, தொள்ளாயிரம் போயிருச்சுங்க. புகைதானுங்க வருது" என்றான். முகமெல்லாம் கல்மாவு. இரண்டாவது துளையில் தண்ணீர் வந்தது, 40 நாளில் அதுவும் நின்றது. நமது பாறைப் பூமியில் ஆழம் போகப் போக வெடிப்பு குறைந்துகொண்டே போகும். 900 அடியில் கிடைப்பதும் பெரும்பாலும் பழைய இருப்புத்தான். ஒரு மழையில் அது நிரம்பாது.

அப்போது பொதுக் கிணற்றில் ஒரு நாள் முழுவதும் ஊறியது அரை அடி. அரை அடி என்றால் எவனும் மதிக்க மாட்டான். ஆனால் 30 அடிச் சதுரக் கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் என்பது 900 கன அடி, அதாவது 25,000 லிட்டருக்கும் மேல். அரை அடி என்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது. தென்னைக்குச் சொட்டுநீர் போட்டால் கடுங்கோடையிலும் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் போதும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. 140 மரத்துக்கு 9,100 லிட்டர். கிணற்றில் நாலரை அங்குலம்கூட ஆகவில்லை. மீதி மாட்டுக்கும் வீட்டுக்கும் தாராளம்.

இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "அந்தக் கெணத்துல ஏதுங்க தண்ணி?" என்றுதான் முதலில் சொன்னான். கயிறு விட்டுக் காட்டியபின் பேசாமல் குழாய் வாங்கப் போனான். எங்கள் நிலம் காலியாகக் கிடந்ததால் எங்கள் முறையையும் மூன்று மாதத்துக்கு அவனுக்கே விட்டோம். அதற்குள் 60 மரம் போய்விட்டது. 80 மரம் நின்றது, இன்றும் நிற்கிறது. இரண்டு துளைக்கு வாங்கிய கடனை அடைக்க அவன் நான்கு ஆண்டு பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வராத துளைகளை அன்றைக்கே மூடி போட்டு அடைத்துவிடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே ஒரு குழந்தைக்கு நேர்ந்ததை நாம் எல்லாரும் நாலைந்து நாள் தூங்காமல் பார்த்தோம்.

அளக்கும் விதம்

கயிறு எதுவானாலும் சரி. நனைந்தால் சுருங்காத நைலான் கயிறு நல்லது. நுனியில் அரைக்கிலோ கல், அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்தாவது முடிச்சில் ஒரு துணி. கிணற்றில் எப்போதும் ஒரே இடத்தில்தான் விட வேண்டும். அடிப்பாறை மேடு பள்ளமாக இருப்பதால் இடம் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

நிற்கிற தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது. அது பெட்டியில் உள்ள பணம் மாதிரி. ஊறுவதுதான் வரும்படி. சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் ஒரு அளவு, மறுநாள் காலை ஓட்டுமுன் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பன்னிரண்டு மணி நேரத்து ஊறல். கிணற்றை ஓரளவு இறைத்த பிறகே இப்படிப் பார்க்க வேண்டும். மட்டம் ஏற ஏற ஊற்று மெதுவாகும், நிறைந்த கிணற்றில் அளந்தால் ஊறலே இல்லாததுபோல் தோன்றும். நடுவில் ஆட்டோ ஸ்டார்ட்டர் விளையாடாமல் பார்த்துக்கொள்ளவும்.

பிறகு கிணற்றின் பரப்பு. சதுரக் கிணற்றுக்கு நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும். வட்டக் கிணறு 20 அடி விட்டம் என்றால் அடிக்கு 314 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அடிக்குச் சுமார் 8,800 லிட்டர் வரும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்திருந்தால் மற்றதெல்லாம் தானே வரும். 20 அடி வட்டக் கிணறு வைத்திருப்பவர் ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினால் கிணற்றில் பன்னிரண்டு அடி காலி.

எங்கள் கிணற்றில் இந்தத் தை மாதம் நனைந்தது 19 முடிச்சு. ராத்திரி ஊறல் 2 அடி, பகலும் சேர்த்தால் நாளுக்கு 4 அடி. அதாவது நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர், வாரத்துக்கு 7 லட்சம். பெரிய வீட்டார் திருப்பூருக்குக் குடிபோய்விட்டதால் அவர்கள் பங்கைச் சின்ன வீடே ஓட்டுகிறது. எங்கள் பாதிக்கு வாரம் மூன்றரை லட்சம். என் பேரன் மூன்று ஏக்கர் சின்ன வெங்காயம் வைக்க வேண்டும் என்று நின்றான். போன தடவை விலை நன்றாக இருந்ததாம். வாரத்துக்கு ஒன்றரை அங்குலம் பாய்ச்சினால் ஏக்கருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். மூன்றரை லட்சத்தில் இரண்டேகால் ஏக்கர் வரும். மண் வாய்க்காலில் உறிஞ்சுவது போக இரண்டுக்கும் குறைவுதான். மாசி, பங்குனியில் ஊறல் இன்னும் குறையும்.

"சொட்டுநீர் போட்டா மூணு ஏக்கரும் பாயுமுங்க அப்பாரு" என்கிறான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம் கிடைக்கிறது. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று எல்லாம் வாங்கி விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். குழாய் வந்து சேர்வதற்குள் இந்தப் பட்டம் முடிந்துவிடும் என்பதால் இப்போதைக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர் என்று பேசி முடித்து, நடவும் ஆகிவிட்டது. அளவை அவன் செல்போனில் எழுதிக்கொள்கிறான், நான் நோட்டில் எழுதுகிறேன். மாசி கடைசியில் மறுபடி கயிறு விட வேண்டும். பத்து முடிச்சுக்குக் கீழே போனால் மேற்குப் பக்கத்துக் கால் ஏக்கருக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு மற்றதைக் காப்பாற்றுவது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.